வெள்ளை மாளிகையும் மாமன் மடியும்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கைப்பேசியைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். அமெரிக்காவில் ஒருவர் பேனாவைத் திறந்தால், மலேசியாவின் கிள்ளானில் ஒரு குழந்தைக்குக் காது குத்துவது எப்படி நின்றுபோகும் என்று ஒரு கதை சொல்கிறேன்.

புனிதாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது ஒரே தம்பி, திருச்செல்வம். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தம்பிக்கு டெக்சஸில் கம்ப்யூட்டர் வேலை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே பிள்ளைக்குக் காது குத்த வேண்டும்? மகள் யாழினிக்கு ஒரு வயது நிறையும் முன்பே புனிதா நாள் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து விசா கெடுபிடி.

"வெளிய வந்தா திரும்ப உள்ள விடுவாங்களான்னு தெரியலக்கா. வக்கீல் அசையாதேங்குறாரு," என்றான் தம்பி.

"சரிடா, அது அடங்கட்டும். மூணு வயசுல குத்திக்கலாம்."

அடங்கவில்லை. புனிதா அமெரிக்கச் செய்தியைப் பிடித்துக்கொண்டாள். சோறு வடிக்கும்போதும் அதுதான், துணி மடிக்கும்போதும் அதுதான். செனட்டில் யார் முறைத்தார்கள், எந்த நீதிபதி தடை போட்டார், சீனாவோடு என்ன சண்டை, எல்லாம் அத்துப்படி. அதிபர் சிரித்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுவாள். முறைத்தால் மூடி வைத்துவிடுவாள்.

"பேசாம நீயே போய் ஓட்டுப் போட்டுட்டு வந்துரு லா," என்று கணவன் சிவநேசன் கேலி செய்வான். துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றியதும் அங்கே போகும் மரச்சாமான் குறைந்தது. அவன் கேலியும் குறைந்தது. கிடைத்த ஓட்டத்துக்கு ஜொகூர், பினாங்கு என்று போய்விடுவான். வீட்டில் அவளும் குழந்தையும், செய்தி வாசிக்கிற குரலும்தான். சில நேரம் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள், பாவம்.

யாழினிக்கு மூன்று வயது முடியப் போகிற சமயம், மாமியார் வள்ளியம்மா வந்து இறங்கினார்.

"ஒத்தப்படை வயசு தாண்டப் போவுது. இன்னும் எந்த வெள்ளக்காரன் உத்தரவு குடுக்கணும்? எங்க அண்ணன் மவன் பாலன் மடி குடுப்பான்."

"அவரு இவ அப்பா பக்கம், அத்தை."

"மடின்னா மடிதான். ஒன் பொறந்த வீட்டுல வேற ஆளு வச்சிருக்கியா?"

புனிதா செய்தியை நிறுத்திவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தாள்.

நாள் குறித்தார்கள். "என்ன ஆனாலும் வர்றேன்க்கா," என்றான் தம்பி. புனிதா லிட்டில் இந்தியா கடைத்தெருவில் அவனுக்குப் பட்டுக்கரை வேட்டி எடுத்தாள். அவன் பணம் கட்டிச் சொல்லிவைத்த கடையிலிருந்து மாமன் சீராகக் கம்மலும் வந்து சேர்ந்தது. கிளம்ப இருந்தவனுக்கு அங்கே மறுபடி ஏதோ புது உத்தரவு. "பெட்டியெல்லாம் கட்டிட்டேன்க்கா. வக்கீல் மறுபடி அசையாதேன்னுட்டாரு," என்றான்.

கோயிலில் மணைப்பலகை போட்டார்கள். பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டு, "தாய்மாமன் யாருங்க?" என்றார்.

பாலன் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். வள்ளியம்மா, "இல்லன்னா போன்ல இருக்குற மாமன் மடியிலதான் வைக்கணும்," என்று முணுமுணுத்தார்.

புனிதா பையிலிருந்து அந்த வேட்டியை எடுத்தாள். மடிப்புக் கலைத்தாள். பலகையில் தானே உட்கார்ந்து, வேட்டியைத் தன் மடியில் விரித்தாள்.

"என்னம்மா இது?" என்றார் வள்ளியம்மா.

"தம்பிக்குக் காது குத்துனப்போ, அழுதவன வாங்கி இந்த மடியிலதான் வச்சிருந்தேன், அத்தை. எங்க வீட்டு மடி இன்னும் இருக்கு. பாலண்ணே, கோச்சுக்காதீங்க. பத்தரே, குத்துங்க."

சிவநேசன் குழந்தையைத் தூக்கி வேட்டியின்மேல் வைத்தான். ஊசி இறங்கியது. யாழினி கதறினாள். கம்மல் ஏறியதும் வள்ளியம்மாவே முந்தானையால் பிள்ளையின் கண்ணைத் துடைத்தார்.

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். புனிதா மட்டும் பலகையைவிட்டு எழவில்லை. தம்பி கூப்பிட்டான். அங்கே முந்தின நாள் ராத்திரி.

"அழுதாளாக்கா?"

"அழுதா. வேட்டிய நனைச்சுட்டா."

"அக்கா, நியூஸ் பாத்தியா? அடுத்த மாசம்..."

"இல்லடா. நீ சாப்பிட்டியா? அதச் சொல்லு."

அந்தப் பக்கம் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை. ஈர வேட்டி மடியில் கிடந்தது.

கண்ணுகளா, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காது குத்தும் நாளில் மாமன் மடி நிறைந்திருக்கட்டும். தூரம் போன உங்கள் பிள்ளைகளுக்கு எந்த நாட்டு வாசலும் திறந்திருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், நடுவீட்டில் ஆள் குரல் குறையாமல் நன்றாக இருங்கள்.