ஒரு மருந்துக் கப் தண்ணீர்

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரையும் கொண்டாடும் திரித்துவ ஞாயிறு அன்று மதியம் மார்லிஸ் தன் வீட்டுச் சமையலறையில் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஓவனில் வெந்துகொண்டிருந்த ஹாட்டிஷ் என்ற இறைச்சிப் பதார்த்தத்தை மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டாள். மேலே அடுக்கியிருந்த உருளைக்கிழங்கு உருண்டைகள் சிவக்க இன்னும் கால் மணி நேரம் ஆகும் என்று முதல் தடவையே தெரிந்துவிட்டது. இருந்தும் கை சும்மா இருக்கவில்லை. துடைத்த மேசையைத் திரும்பத் துடைத்தாள். ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தாள். ஏரியைப் பார்த்ததும் வரப்போகும் சனிக்கிழமை ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை அந்த ஏரியில்தான் அவள் மகன் ட்ராவிஸ் ஞானஸ்நானம் எடுக்கப் போகிறான், முப்பத்தொரு வயதில், இரண்டாவது தடவையாக. கொடுக்கப் போகிறவர் அவனுடைய மாமனார் ஹாலிஸ் ப்ரூயிட். ஆர்கன்சாவிலிருந்து வந்து, ஊர்க்கோடியில் மூடிக் கிடந்த டயர் கடையை வாங்கி, 'இயேசு நாமம்' சபை நடத்துகிறவர். கடவுள் மூவர் இல்லை, ஒருவரே; அதனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்லிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, இயேசுவின் பெயரால் கொடுத்ததுதான் செல்லும் என்பது அவர் சபையின் கட்சி. லூத்தரன் சபையில் இருபத்தாறு வருஷம் ஞாயிறு பள்ளி நடத்திய மார்லிஸின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! அதுவும் ட்ராவிஸின் முதல் ஞானஸ்நானத்தைக் கொடுத்தது எந்தப் போதகரும் இல்லை, அவள்தான்.

அதனால்தான் இந்த விருந்து. பேசி மடக்கிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். ட்ராவிஸ், அவன் மனைவி டெஸ்ஸா, பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு ஹாலிஸ்.

"என்னா வாசனை, சிஸ்டர் மார்லிஸ்! நம்ம சபையில இப்படிச் சமைக்க ஆள் இருந்தா பாதி ஊரு மனந்திரும்பிரும்."

அவளுக்கு அந்த 'சிஸ்டர்' பிடிக்காது. யாருக்கு யார் சிஸ்டர்? அந்த மனிதரை வெறுக்கவும் முடியவில்லை. போன குளிர்காலத்தில் அவள் வண்டி பனியில் மாட்டியபோது கூப்பிடாமலே மண்வாரியோடு வந்து நின்றவர்.

"உக்காருங்க மிஸ்டர் ப்ரூயிட். சாப்பிட்டுட்டே பேசலாம்."

"அம்மா," என்றான் ட்ராவிஸ். "இன்னிக்கு வேணாமே. சும்மா சாப்பிடுவோமே."

"சாப்பிடுடா. உன்னை யாரு தடுத்தா? வாய் சாப்பிடட்டும், காது கேக்கட்டும்."

எல்லோருக்கும் பரிமாறினாள். தான் மட்டும் உட்காரவில்லை. அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"இயேசு யோர்தான் ஆத்துல ஞானஸ்நானம் எடுத்தாரே, அப்போ குமாரன் தண்ணியில நிக்கிறாரு, ஆவி புறா மாதிரி இறங்குது, மேல இருந்து பிதா பேசுறாரு. மூணு பேரு. எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

"எண்ணுவோம் சிஸ்டர். ஒண்ணுன்னுதான் எண்ணுவோம்." ஹாலிஸ் வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சிரித்தார். "நான் டெஸ்ஸாவுக்கு அப்பா. எங்கம்மாவுக்கு மகன். சபைக்குப் போதகர். அதுக்காக மூணு ஹாலிஸா வந்து உங்க ஹாட்டிஷைக் காலி பண்றேன்?"

"மூணு பேரு சாப்பிடுற அளவுக்குத்தான்பா சாப்பிடுறீங்க," என்றாள் டெஸ்ஸா. ட்ராவிஸுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. மார்லிஸ் சிரிக்கவில்லை.

"கெத்செமனே தோட்டத்துல இயேசு ராத்திரி பூரா பிதாவே பிதாவேன்னு ஜெபம் பண்ணாரே, யாருகிட்ட? தனக்குத் தானேவா பேசிக்கிட்டாரு?"

"நல்ல கேள்வி. அவருக்குள்ள இருந்த மனுஷன், அவருக்குள்ள இருந்த தெய்வத்துகிட்ட."

"அப்போ ஒரே ஆளுக்குள்ள ரெண்டு ஆளு!"

"உங்க கணக்கை விட ஒண்ணு கம்மிதானே?"

மார்லிஸுக்கு உடம்பு சூடேறியது. சரி, இனி பேச்சு உதவாது, காட்டித்தான் ஆக வேண்டும் என்று, காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதிலிருந்து கெட்டிலை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டாள். ஃப்ரீசரிலிருந்து ஐஸ் தட்டு வந்தது. கூடவே ஒரு கண்ணாடிக் கூஜா நிறையத் தண்ணீர். வருஷா வருஷம் இதே நாளில் இதே பாடம். ட்ராவிஸே இதைப் பார்த்துத்தான் வளர்ந்தான்.

"பாருங்க. இது ஐஸ். இது தண்ணி. இது ஆவி. மூணும் வேற வேற. ஆனா தண்ணி ஒண்ணுதான். இதுக்கு மேல என்ன வேணும்?"

ஹாலிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முகம் மலர்ந்த விதம் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"சிஸ்டர்! இதைத்தானே நான் பன்னெண்டு வருஷமா டயர் கடையில நின்னு கத்திட்டு இருக்கேன்! தண்ணி ஒண்ணு. ஒரு நேரம் ஐஸா வரும், ஒரு நேரம் ஆவியா வரும். அந்தந்த வேளைக்கு ஒரு வேஷம். ஆள் ஒருத்தர்தான். அல்லேலூயா! எங்க பாடத்தையேல்ல நீங்க நடத்துறீங்க!"

கெட்டில் விசிலடித்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

போன வருஷம் சபைக்குப் புதிதாக வந்த இளம் போதகி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஐஸ் உதாரணம் வேண்டாமே, அது திருச்சபை ஒதுக்கித் தள்ளிய பழைய தப்பு உபதேசம் ஆயிற்றே என்று மெதுவாகச் சொல்லியிருந்தாள். நேற்று முளைத்த பெண் எனக்குப் பாடம் சொல்கிறாளா என்று மார்லிஸ் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இப்போது உறைத்தது. இருபத்தாறு வருஷம், எத்தனை பிள்ளைகள்! அத்தனை பேருக்கும் கெட்டிலை வைத்துக்கொண்டு எதிர்க்கட்சியின் பாடத்தை ஊட்டியிருக்கிறாள். தன் மகன் உட்பட. அவன் டயர் கடைப் பக்கம் போனதில் என்ன ஆச்சரியம்?

அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"அம்மா, உக்காருங்க," என்றான் ட்ராவிஸ். "இதுல தோத்தா என்ன? நீங்க எனக்குச் செஞ்சதை நான் குறை சொல்லல."

"செல்லாதுங்கிறியே. அதைவிடக் குறை என்னடா இருக்கு?" திரும்பினாள். "உனக்குச் சொன்னதே செல்லாதுன்னா சோரனுக்கு என்ன கதி?"

சோரன் ட்ராவிஸோடு பிறந்தவன். இரட்டையர், பன்னிரண்டு வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டார்கள். அவன் உயிரோடு இருந்தது நாற்பது நிமிஷம். கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு ஒரு சின்னக் கல் இருக்கிறது. வீட்டில் அந்தப் பெயரை அதிகம் எடுப்பதில்லை. டெஸ்ஸா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தப் பனிப்புயல் நாள் கதை உனக்குத் தெரியும். அப்பா ரோட்டுல மாட்டிட்டாரு. போதகரும் வர முடியல. ரெண்டும் தேறாதுன்னு நர்ஸ் சொல்லிட்டா. மருந்து குடுக்கிற பிளாஸ்டிக் கப்புல தண்ணி கேட்டு வாங்கினேன். ஆபத்துல யாரு வேணா குடுக்கலாம்னு சபைப் பாட்டுப் புத்தகத்துலயே போட்டிருக்கு, சின்ன வயசுல மனப்பாடம் பண்ணது. முதல்ல உன் தலையில. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே. தெளிவா, ஒரு வார்த்தை விடாம."

"தெரியும்மா."

"அடுத்தது தெரியாது. யாருக்கும் தெரியாது. உங்கப்பாவுக்கே சொல்லல, அவரும் போய்ச் சேந்துட்டாரு." கைத்துண்டைக் கையில் எடுத்தாள். "சோரன்கிட்டத் திரும்பினா மெஷின் கத்த ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு நர்ஸ் இடிச்சுக்கிட்டு உள்ள வராங்க. அவன் நீலமாயிட்டான். மிச்சத் தண்ணியை அவன் தலையில கொட்டினேன். வாயில வார்த்தை வரல. மூணு பேரோட நாமமும் வரல. இயேசுவே, இயேசுவேன்னு கத்தினேன், அவ்வளவுதான்."

மார்லிஸ் கைத்துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நீ பொழச்சதும் சபையில வெச்சு போதகர் முறைப்படி கேட்டாரு. யாரு குடுத்தது, எதால, என்ன வார்த்தை சொல்லின்னு. உனக்காகப் பதில் சொன்னேன். அவனுக்காக யாரும் கேக்கல. அடக்கம் பண்ற அன்னிக்கு, ஞானஸ்நானம் பெற்ற குழந்தைன்னு போதகர் தானாவே சொல்லிட்டாரு. நானும் வாயை மூடிட்டேன். எங்க சபைப்படி மூணு பேரையும் சொல்லணும். சொல்லாததை யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

ஹாலிஸின் கண்கள் கலங்கியிருந்தன. "சிஸ்டர்," என்றார், குரலைத் தாழ்த்தி, "எங்க சபைப்படி அந்தப் பிள்ளையோடது சுத்தமாச் செல்லும். அவர் பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டீங்க. ஒரு சந்தேகமும் வேணாம்."

முப்பத்தொரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. வந்ததே வந்தது, வரக் கூடாத வாயிலிருந்தா வர வேண்டும்! மார்லிஸுக்கு ஆறுதலும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அப்போ இவனோடது?"

ஹாலிஸ் தட்டைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இவனோடது... சனிக்கிழமைதான், சிஸ்டர்."

"பாத்தீங்களா? உங்களை நம்பினா இவன் வெளியில. எங்களை நம்பினா அவன் வெளியில. ரெண்டு பிள்ளை பெத்தேன். ரெண்டையும் சேத்து வெச்சுக்க எனக்கு ஒரு சபை இல்லையா?"

ட்ராவிஸ் எழுந்தான். "மாமா, சனிக்கிழமை வேணாம். தள்ளி வைங்க."

"எது வரைக்கும், மகனே?"

"அவனும் நானும் ஒரே பக்கம் நிக்கிற வரைக்கும். அவனை விட்டுட்டு நான் எந்தப் பக்கமும் போகல."

டெஸ்ஸா அப்பாவைப் பார்த்தாள். ட்ராவிஸ் பக்கத்து அறைக்குப் போய் பியானோ மேலிருந்த பச்சைப் பாட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து சடங்கு முறைகள் இருந்த கடைசிப் பக்கங்களைப் புரட்டினான். தேடியது கிடைத்ததும் அம்மாவுக்கு எதிரே வந்து நின்றான்.

"டேய், என்னடா பண்றே?"

"சோரனுக்காகக் கேக்காம விட்டதைக் கேக்குறேன்." புத்தகத்தைப் பார்த்து வாசித்தான். "இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?"

அவள் கைத்துண்டைக் கீழே வைத்தாள். "நான்தான்."

"எதைக் கொண்டு?"

"தண்ணி. ஒரு கப்புல பாதி. மீதிப் பாதி உனக்கு."

"என்ன வார்த்தை சொல்லி?"

"இயேசுவேன்னு சொல்லி," என்றாள்.

அதற்குக் கீழே போதகர் சொல்ல வேண்டிய வரி ஒன்று இருந்தது. இந்தப் பிள்ளை முறைப்படி ஞானஸ்நானம் பெற்றிருக்கிறது என்று எல்லோருக்கும் அறிவிக்கிற வரி. தன் பெயரையும் சோரன் பெயரையும் சேர்த்து ட்ராவிஸ் அதை வாசித்தான்.

அந்த அறையில் இருந்த ஒரே போதகர் ஹாலிஸ்தான். அந்த வரியில் ட்ராவிஸ் பெயர் வந்த பாதி அவர் சபைக்கு ஒத்துவராது. இருந்தும் மேசையைப் பிடித்து எழுந்தார், மடியிலிருந்த துணியை எடுத்துப் போட்டார், டயர் கடையில் சொல்வதைப் போலவே தொண்டை கிழிய, "ஆமென்!" என்றார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

காலையிலிருந்து முதல் தடவையாக மார்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.