போக ஒன்றரை நாள், வர அரை மணி

சின்னத் தீவின் விமான நிலையத்திலிருந்து பெரிய தீவுக்குப் போய்ச்சேர ஒன்றரை நாள் ஆகும். அங்கிருந்து இங்கே வர அரை மணி நேரம். விமானம் ஒன்றுதான், விமானியும் ஒருவர்தான், நடுவில் கிடக்கும் கடலும் அதேதான். தொடக்கத்தில் போகவும் அரை மணிதான் ஆனது. பிறகு ஒரு மணி, அரைப் பொழுது என்று வருடா வருடம் நீண்டது. காற்றைக் குறை சொன்னார்கள், விமானியைத் திட்டினார்கள். பெரிய தீவிலிருந்து அதிகாரிகள் கருவிகளோடு வந்து, அளந்து பார்த்து, தூரத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் பசியில் சுருண்டு போனார்கள். அப்புறம் அளக்க யாரும் வரவில்லை.

சிறிய விமானம் என்பதால் பெட்டியோடு ஆளையும் தராசில் நிறுத்தித்தான் ஏற்றுவார்கள். அந்த வேலை எடைக்காரியுடையது. யார் இளைத்தார்கள், யார் ஊதினார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளியே மூச்சு விடமாட்டாள். அவள் கணவன் பெரிய தீவில் விமானத்துக்கு எரிபொருள் நிரப்புபவன். கல்யாணமான புதிதில் ஆறு மாதம் என்று சொல்லி மாற்றலில் போனவன், அங்கேயே இருந்துவிட்டான்.

நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் இலவசமாகப் போகலாம், கடைசியில் இடம் மிஞ்சினால். லீவு நாளில் எடைக்காரி பையோடு வரிசையின் கடைசியில் நிற்பாள். தூரம் கூடக் கூட எரிபொருள் கூடியது, அதன் பாரத்துக்கு இருக்கைகளைக் கழற்றிக்கொண்டே வந்தார்கள். மிஞ்சும் ஒரு இடத்துக்கும் யாராவது அழுதுகொண்டு ஓடி வருவார்கள். அவள் தராசிலிருந்து இறங்கிவிடுவாள். வருடங்கள் இப்படியே போயின.

"அத்தான் வரலாம்ல? அங்கேருந்து ஃப்ளைட் காலியாத்தானே வருது?" என்று ஒருநாள் தங்கை கேட்டாள்.

"திரும்பிப் போறது கஷ்டம்டி."

"முன்னாடி அதுவும் அரை மணிதானேக்கா?"

எடைக்காரிக்குச் சுருக்கென்றது. அந்த வாரம் கண் கலங்கி நின்ற ஒரு பெரியவரைப் பார்க்காதது போல் நின்று, தராசிலிருந்து இறங்காமல் விமானம் ஏறினாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஏறினாள். கடல் இருட்டி, விடிந்து, மறுபடியும் இருட்டப் பார்த்தது. கால் மரத்துப் போனது.

இறங்கியபோது அவன் எரிபொருள் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தான். எட்டுக் கிலோ கூடியிருக்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"என்ன, சொல்லாம கொள்ளாம வந்துட்டே? நானே அடுத்த வாரம் வரலாம்னு இருந்தேன்."

அழுகை வரும், இல்லாவிட்டால் கோபமாவது வரும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தாள். அலுப்புதான் வந்தது. அவன் எரிபொருள் நிரப்பி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு அதே விமானத்தில் ஏறப் போனாள்.

"உள்ளே வந்து ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போயேன்."

"வேணாங்க. காலையில டூட்டி இருக்கு."

ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். தூக்கம் கலைவதற்குள் ஊர் வந்துவிட்டது.

இப்போதும் அவள்தான் எடை பார்க்கிறாள். பையோடு வரிசையின் கடைசியில் நிற்பதில்லை. போன வாரம் ஒரு புதுப்பெண் வந்தாள்.

"போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்க்கா?"

"ஒன்றரை நாள். அங்க யாரும்மா இருக்காங்க?"

"வீட்டுக்காரர்."

"அவரை வரச் சொல்லேன். அவருக்கு அரை மணிதான்."

அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினாள். எடைக்காரி முள்ளைப் பார்த்து எடையைச் சொன்னாள்.