படத்தில் இல்லாத ஜன்னல்

என் கணவர் ஊர் சுற்றுவார், நான் எழுதுவேன். ஒரு பயண மாத இதழின் கடைசிப் பக்கம் எங்களுடையது. முக்கால் பக்கத்துக்கு அவர் எடுத்த படம், அதன் கீழே ஏழெட்டு வரிகளில் அந்த இடத்தைப் பற்றி என் குறிப்பு. "நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது" என்கிற மாதிரி எழுதுவேன். அந்த 'நாங்கள்' ஒரு மரியாதைக்குத்தான். பஸ் ஒரு வளைவில் திரும்பினாலே எனக்குக் குடலைப் புரட்டும். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவரோடு போனேன். பாதி வழியில் என்னை இறக்கி, முகம் கழுவ வைத்து, கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்தார். அப்புறம் அவர் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. எழுதி முடிக்கும்வரை அந்த ஊரைப் பற்றி நான் எதுவும் கேட்கக் கூடாது, அவரும் எதுவும் சொல்லக் கூடாது. ஆரம்பத்தில் அவர் எல்லாவற்றையும் சொல்லுவார். எழுதிப் பார்த்தால் ரயில் நிலையத்து அறிவிப்பு மாதிரி இருக்கும். அதனால் நான்தான் இந்த விதியைப் போட்டேன். அவர் திரும்பி வந்ததும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போவார். நான் படத்தின் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, யார் குடையை மடக்கிப் பிடித்திருக்கிறார்கள், எந்தக் கடைக்காரர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறார் என்று பார்ப்பேன். பார்க்கப் பார்க்க, படத்துக்கு வெளியே இருப்பதும் தெரிய ஆரம்பிக்கும். அதைத்தான் எழுதுவேன். வாசகர்கள் நான் போய் வந்ததாகவே நம்பினார்கள்.

மாடியில் குடியிருக்கும் நாத்தனாருக்கு இதில் தனி வேடிக்கை. அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள்.

"அண்ணி, எங்க கிளினிக்ல உங்க பக்கத்தைப் படிச்சுட்டு, 'இந்தம்மாவுக்கு வீட்ல வேலையே இருக்காதா, எப்பப் பார்த்தாலும் ஊர் சுத்திட்டிருக்காங்க'ன்னு ஒருத்தர் கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"பாதி வாய் மரத்துப்போன மனுஷன்கிட்ட என்னத்தச் சொல்றது. ஆமான்னுட்டேன்."

அந்த மாதம் வந்தது ஒரு துறைமுக ஊரின் படம். கடலை நோக்கி இறங்கும் கல் படிகள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்க வேண்டும், கல்லில் ஈரம் மின்னியது. இரண்டு பக்கமும் கதவு சாத்திய கடைகள். கீழ்ப்படியில் ஒரு கிழவர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு நாய். அது கேமராவைப் பார்க்கவில்லை, கேமராவுக்குப் பின்னால் எங்கோ உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இப்படி எழுதினேன்: "எங்களுக்குப் பின்னால் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. யாரோ ஈரத் துண்டை உதறினார்கள். கழுத்தில் இரண்டு துளி விழுந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் ஜன்னல் மூடிக்கொண்டது."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து படித்தார். துவட்டுவது நின்றது.

"இந்த ஜன்னல் உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்த ஜன்னல்?"

"பின்னாடி இருக்கிற ஜன்னல்."

"ஓ, நிஜமாவே இருக்கா?" என்று சிரித்தேன். இப்படி எப்போதாவது பொருந்திப் போகும். பொருந்தினால் அவரும் சிரிப்பார், தோளில் ஒரு தட்டு தட்டுவார். இந்த முறை தட்டவில்லை.

"யார் சொன்னாங்க?"

"நாய் சொல்லுச்சு. பாருங்களேன், எங்க பார்க்குதுன்னு."

அவர் நாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கடையில் எடை போடுகிறவரின் கையைப் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. "அந்த ஜன்னலை எடுத்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இத்தனை வருடங்களில் நான் எழுதியதில் தகவல் பிழை இருந்தால் திருத்துவார். உண்மையாக இருந்ததற்காக ஒரு வரியை எடுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நாத்தனார் வேலைக்குப் போகிற வழியில் செருப்போடு வாசலில் நின்றாள்.

"அண்ணி, அண்ணனுக்கு என்ன ஆச்சு? துப்பறியும் இலாகாவுல சேர்ந்துட்டாரா?"

"ஏன்?"

"நேத்து மேல வந்து, 'அண்ணி எங்கேயாவது வெளியூர் போனாளா, யாராவது வந்து பேசினாங்களா, என் பையை யாராவது எடுத்தீங்களா'ன்னு ஒரே கேள்வி. உங்களையாவது, வெளியூரு போறதாவது. ஆட்டோவுல முக்கு திரும்பறதுக்குள்ள மூணு தடவை ஓரங்கட்டச் சொல்ற ஆளு நீங்க."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். அதுவரை எனக்குச் சந்தேகம் என்று எதுவும் இருந்ததில்லை. எங்கே தங்கினீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள் என்று கேட்காமலே இருந்து பழகியவள் நான். அந்த விதி எழுத்துக்காக மட்டும்தான் இருந்ததா, அல்லது எனக்கே அது சௌகரியமாக இருந்ததா என்று அன்றுதான் முதலில் யோசித்தேன். என்னைச் சந்தேகப்பட்டு அவர்தான் எனக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தார். நான் போயிருக்கிறேனா என்று ஒருவர் பயப்படுகிறார் என்றால், அங்கே நான் போகக் கூடாத ஏதோ இருக்கிறது.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். இதழுக்குக் கொடுக்காத படங்களையும் அவர் அழிப்பதில்லை. ஆனால் நான் அவற்றைத் திறந்து பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். அதே படிகள், மழையில். அதே படிகள், கொளுத்தும் வெயிலில். பனி மூடி, கடல் இருக்குமிடமே தெரியாத ஒரு காலையில். அந்த ஊருக்கு இதற்கு முன் போனதாக அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கீழே தெருவில் நின்று எடுத்தது நான் எழுதிய அந்த ஒரு படம்தான். மற்ற எல்லாம் உயரத்திலிருந்து எடுத்தவை. ஒன்றில் படத்தின் அடியில் மங்கலாக ஒரு மரச்சட்டம் தெரிந்தது. அதில் ஒரு துணி கிளிப்.

ஜன்னல் விளிம்பு அது. உள்ளேயிருந்து எடுத்த படம்.

அன்றைக்கெல்லாம் சமைத்தேன், துணி மடித்தேன், அவரிடம் உப்புப் போதுமா என்றும் கேட்டேன். உள்ளே வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த அறையில் ஒரு பெண்ணை நானே கொண்டுபோய் வைத்தேன். அவளுக்கு முகம் வரவில்லை, ஆனால் ஈரக் கைகள் வந்தன. ஜன்னலைத் திறந்து துண்டை உதறும் கைகள். படங்களை வைத்து ஊர்களைக் கட்டிப் பழகிய மூளைக்கு ஒரு பெண்ணைக் கட்ட எவ்வளவு நேரமாகும்? மாலைக்குள் அவள் என்ன சோப்புப் போடுவாள் என்பது வரை எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு பேரும் டீ குடிக்க உட்கார்ந்தபோது கேட்டேன்.

"அந்த ஜன்னல் யாரோடது?"

அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"என்னோடது."

"புரியலை."

"நான் எடுத்திருக்கிற ரூம். வாடகைக்கு."

"யார் கூட?"

"யார் கூடவும் இல்ல. தனியா."

"தனியா இருக்கறதுக்கு ஒரு ரூமா? வீட்ல என்ன நான் தாளம் போட்டுக்கிட்டா இருக்கேன்?"

அவர் சிரிக்கவில்லை. அவர் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டு நாளாகிவிட்டது.

"நான் போற ஊரெல்லாம் திரும்பி வந்ததும் உன்னோடதா ஆயிடுது. நீ நல்லா எழுதற, குறை சொல்லலை. ஆனா நீ எழுதினப்புறம் நான் பார்த்தது எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது. அந்த மலை ஸ்டேஷன்ல மணி அடிச்சுதுன்னு எழுதினியே, மணியே அங்க கிடையாது. இப்ப அந்த ஊரை நினைச்சா எனக்கு மணிச் சத்தம்தான் கேக்குது. அதான் ஒரு இடமாவது... அங்க போனா நான் எதுவும் பண்றதில்ல. தூங்குவேன். ஜன்னல்கிட்ட உக்காருவேன். இந்தத் தடவை போக வேண்டிய ஊருக்குப் போகாம அங்கேயே இருந்துட்டேன். இதழுக்குப் படம் வேணுமேன்னு கிளம்பற அன்னிக்குக் கீழ இறங்கி ஒண்ணு எடுத்தேன். நீ நேரா உள்ள வந்துட்ட."

நான் எதிர்பார்த்திருந்த பெண்ணை விட இது மோசமாக வலித்தது. ஒரு பெண் என்றால் அவளோடு சண்டை போடலாம். என்னிடமிருந்து ஒளிந்துகொள்ள ஒரு மனிதர் கதவும் பூட்டும் தேடியிருக்கிறார் என்றால் யாரோடு சண்டை போடுவது?

அதே சமயம், இது எவ்வளவு அழகாகச் சொல்லப்பட்ட காரணம் என்றும் தோன்றியது. எழுதுகிறவளிடம் எதைச் சொன்னால் எடுபடும் என்று அவருக்குத் தெரியாதா?

என் முகத்தில் அதைப் படித்திருப்பார் போல. எழுந்து போய்ப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து வந்து என் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நம்பலைன்னா போய்ப் பார்த்துட்டு வா. படிக்கட்டோட மேல் முனையில முடி வெட்டற கடை. அதுக்கு மேல."

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் சாவியிலிருந்து விரலை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

போனேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, பையில் பிளாஸ்டிக் கவர்களை அடுக்கிக்கொண்டு போனேன். இரண்டு கவர்கள் உதவின. எதிரே இருந்த ஒரு பெண்மணி, "எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டார். என் வயதுக்கு அது ஒரு பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இறங்கிக் கேட்டுக் கேட்டு அந்தப் படிகளுக்கு வந்து சேர்ந்தேன். படத்தில் பார்த்ததை விடக் குறுகலாக இருந்தன. கடையில் முடி வெட்டுகிறவர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே மாடிப்படி.

"இங்க லேடீஸுக்கு வெட்டறதில்லம்மா."

"இல்ல, மேல் ரூம்..."

"கேமராக்காரரா? அவரு இப்ப இல்லையே. வருவாரு, தூங்குவாரு, போவாரு. நம்மகிட்டதான் ஷேவிங். ஆனா வாயைத் தொறக்க மாட்டாரு. எனக்கே பேச்சு மறந்துடும், அப்படி ஒரு மனுஷன்."

"கூட யாராவது வருவாங்களா?"

அவர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "யாராவது இருந்தா தேவலைன்னு நானே நினைச்சிருக்கேன். பாவம், சம்சாரம் செத்துப்போயிருக்கும் போல."

"அவர் சொன்னாரா?"

"அதைச் சொல்லணுமா? ஆளைப் பார்த்தா தெரியாதா? நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"தெரிஞ்சவங்க" என்றேன். சொல்லும்போது எனக்கே அது முழுப் பொய்யாகத் தெரியவில்லை.

சாவி கையில்தான் இருந்தது. முடி வெட்டுகிறவர் சொன்னதை வைத்து நான் நிம்மதியாகியிருக்கலாம். ஆனால் உயிரோடு எதிரே நிற்பவளைச் செத்தவளாக்கியவரின் சாட்சி அது. அவரும் என்னைப் போலத்தான், பார்த்ததை வைத்துப் பார்க்காததைச் சொல்கிறார். மேலே ஏறினால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு சீப்பு, ஒரு வளையல், ஒரு தலையணைக்குப் பதில் இரண்டு. அல்லது எதுவுமே இல்லாமல்.

எதுவுமே இல்லாமல் இருந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்போது அங்கே இருப்பதை எல்லாம் பார்த்து வைத்துக்கொள்வேன். சுவரின் நிறம், ஆணியில் தொங்கும் சட்டை, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறார் என்பது. காகிதத்தில் எழுதாவிட்டாலும் எழுதிவிடுவேன், என்னால் நிறுத்த முடியாது. அதற்குப் பிறகு அவருக்கு அந்த அறையும் இருக்காது.

நான் ஏறவில்லை. அடுத்த ரயிலுக்குத் திரும்பிவிட்டேன்.

வீட்டில் அவர் சமைத்து வைத்திருந்தார். சாவியை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பார்த்தியா?"

"இல்ல. மேல ஏறலை."

"அவ்வளவு தூரம் வாந்தி எடுத்துக்கிட்டே போய், ஏறலையா?"

"ஏறலை."

அவர் நம்பவில்லை. நம்பாதது எனக்கு நியாயமாகவே பட்டது. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டார். அப்புறம், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, நாளைக்கு மழை வருமா என்று கேட்பதைப் போலக் கேட்டார்.

"கட்டில்ல உக்காந்தா கடல் தெரியுது, இல்ல?"

பொறி. இவ்வளவு சுமாராகப் பொறி வைக்கிற மனிதரை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் எனக்குப் பதில் தெரியும். முகத்தில் வெளிச்சம் பட்டால் அவரால் தூங்க முடியாது. எங்கள் படுக்கையறையில் கட்டிலை உள்சுவரோடு ஒட்டிப் போட வைத்தவர் அவர். அங்கேயும் அப்படித்தான் போட்டிருப்பார். அதில் உட்கார்ந்தால் கடல் தெரியாது. இதைச் சொன்னால் நான் ஏறிப் பார்த்தேன் என்று ஆகிவிடும்.

"அதான் ஏறலைங்கறேனே. தெரியும்னு நினைக்கிறேன். காத்துக்காகக் கட்டிலை ஜன்னல்கிட்டதான போட்டிருப்பீங்க?"

அவர் தோள்கள் கொஞ்சம் இறங்கின. குழம்புப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆமா, ஜன்னல்கிட்டதான்" என்றார்.

சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் சோற்றைப் பிசைந்தேன். அறையைக் காப்பாற்ற அவர் பொய் சொல்கிறாரா, இல்லை அங்கே முகத்தில் வெளிச்சம் பட்டாலும் அவர் நன்றாகத் தூங்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்து ஜன்னலை எடுத்துவிட்டு, படிகளையும் கிழவரையும் மட்டும் வைத்து இதழுக்கு அனுப்பினேன். 'நாங்கள்' என்று இருந்த இடத்தில் 'அவர்' என்று மாற்றினேன். இடம் போதவில்லையா, வரிகள் குறைந்திருக்கின்றனவே என்று இதழின் ஆசிரியரம்மா போனில் கேட்டார். இந்த ஊரைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் தெரியும் என்றேன்.