நாலாவது தளபதியின் கோட்டு

பெரிய சார் மாறப் போகிறார் என்ற செய்தி வந்தபோது தாஹா திருச்சி பாலக்கரையில், வீட்டோடு ஒட்டிய அத்தாவின் தையல் கடையில், ஸ்கூல் யூனிபாரம் சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தான்.

பெரிய சார் என்றால் ஒரு சின்னத் தீவு நாட்டின் கடற்படைத் தளபதி. அந்தக் கடற்படையின் தலைமையகத்தில் தாஹாதான் டைலர். மனைவி இர்பானாவுக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை பிறந்ததைப் போனில்தான் பார்த்தான் என்பதால் இந்தத் தடவை லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். டாக்டர் சொன்ன தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே தளபதி மாறுகிற நாளும் அதே வாரத்தில் வந்து விழுந்தது.

செய்தி சொன்னவன் ஹாலித். அதே தலைமையகத்தில் ஸ்டோர் பார்ப்பவன், ஊர் காஜாமலை.

"மச்சான், வியாழக்கிழமை பதவியேற்பு. கோட்டுக்கு நீ இல்லன்னா டவுன்ல ஆளைக் கூப்பிடுறதா பேசிக்கிறாங்க. அப்புறம் என்னைக் கேக்காத."

அதற்கு மேல் ஹாலித் எதுவும் விளக்க வேண்டியதில்லை. எங்கும் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று அங்கே உண்டு. புதுத் தளபதி வந்தால் சமையல்காரர், டிரைவர், டைலர் மூன்று பேருக்கும் மறுபடி தலைவிதி எழுதுவார். பதவி ஏற்கிற அன்று அவர் போடுகிற கோட்டைத் தைத்தவன் தங்குவான், மற்றவன் பெட்டி கட்டுவான். தாஹாவே அப்படித்தான் உள்ளே நுழைந்தான். பழைய டைலர் காய்ச்சலில் படுத்த வாரத்தில் இவனைக் கூப்பிட்டார்கள். அந்த மனிதர் காய்ச்சல் விட்டு எழுந்து வந்தபோது அவருடைய ஸ்டூலில் இவன் உட்கார்ந்திருந்தான்.

இப்போது அப்படிப் படுத்திருப்பவன் தான்தான் என்று தாஹாவுக்குத் தோன்றியது. இடத்தில் இல்லாதவனை யார் தேடப் போகிறார்கள்?

"ஏங்க, போகணும்னா போங்க" என்றாள் இர்பானா. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, முகம் கோணாமல்தான் சொன்னாள். அப்படிச் சொன்னதாலேயே அவனால் போக முடியவில்லை.

கையில் ஊசி இருந்ததால் போனை வாய்ப்பக்கம் வைத்துப் பேசியே டைப் செய்தான். "துணியையும் அளவையும் இங்க அனுப்பு. தச்சு அனுப்புறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

பதில் வெகுநேரம் வரவில்லை. பிறகு ஒரு வரி வந்தது. "உனக்குப் பைத்தியம் முத்திடுச்சு. நாளைக்குக் காலைல ஃப்ளைட்ல ஆள் வருது."

திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கிய ஒருவரின் பையில், பால் பவுடர் டப்பாக்களுக்கும் தைல பாட்டில்களுக்கும் நடுவே, கருநீலத் துணியும் தங்கப் பட்டைச் சுருளும் பித்தளைப் பொத்தான்களும் வந்து சேர்ந்தன. அளவு ஒரு துண்டுத் தாளில் இருந்தது. பேர் இல்லை. பதவியேற்பு வரை பேரை வெளியே விட மாட்டார்கள்.

அத்தா சேக் மைதீன் கண்ணாடியை ஏற்றிவிட்டு அளவைப் பார்த்தார். பாலக்கரையில் பாதிப் பிள்ளைகள் அவர் தைத்த யூனிபாரத்தில்தான் ஸ்கூலுக்குப் போகின்றன.

"என்னடா இது? முன் நீளத்தவிட பின் நீளம் இவ்வளவு கூட இருக்கு. வலது தோளு மேல, இடது தோளு கீழ. அளவு எடுத்தவன் தூங்கிட்டு எடுத்தானா?"

தாஹா தாளை வாங்கிப் பார்த்தான். பார்த்ததும் அந்த முதுகு அவன் கண் முன்னால் வந்து நின்றது. யார் என்று தெரிந்துவிட்டது. அந்த நாட்டில் மந்திரிகளைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம், பாலக்கரையில் ஓவர்லாக் மிஷினுக்குப் பக்கத்தில் தெரிந்துவிட்டது.

"அளவு சரிதான் அத்தா. ஆளே அப்படித்தான்."

"நடக்க முடியாதவரா?"

"இல்ல அத்தா. கடல் ஆழத்தை அளக்குற கப்பல்ல இருந்தவரு. எங்க பாறை, எங்க மணல்னு படம் போடுறது. வயசுப் பிள்ளையா சேந்ததுலேருந்து மேஜை மேல இடது கைய ஊணிக் குனிஞ்சே நின்னவரு. யாரும் இவரை எதிர்பாத்திருக்க மாட்டாங்க."

சேக் மைதீனுக்கு ஆள் தெரியாமல் துணியில் கத்திரி வைக்கப் பிடிக்காது. "இதுக்கு முன்னாடி இருந்தவங்கல்லாம் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே சாக்பீஸைக் கூர் பார்த்தார். தாஹா ஒவ்வொருவராகச் சொன்னான்.

அவன் தைத்த முதல் தளபதி ரோந்துப் படகில் வளர்ந்தவர். கள்ளக்கடத்தல்காரர்களைத் துரத்தித் துரத்தியே மேலே வந்தவர். தரையில் நின்றாலும் அலையில் நிற்பது போலக் காலை அகட்டித்தான் நிற்பார். அவருக்குப் பேன்ட்டில் தொடைப் பக்கம் தாராளமாக விட வேண்டும். டேப்பை எடுத்தால் "சீக்கிரம், சீக்கிரம்" என்பார். அவரை நடக்க விட்டு, கூடவே நடந்துதான் அளவெடுத்தான். இரண்டாமவர் எஞ்சின் ரூமிலிருந்து வந்தவர். ஒரு காது போய்விட்டது. எதையும் கத்தித்தான் சொல்வார், நல்லதையும் கத்தித்தான் சொல்வார். மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று இருந்தது. அது தெரியக் கூடாது என்று கோட்டின் கையை அரை இஞ்ச் நீட்டச் சொன்னார்.

"மூணாவது ஆளு?"

"அவரு கப்பல்ல இருந்ததவிட மீட்டிங்ல இருந்ததுதான் அதிகம். எந்த நாட்டுல எந்தக் கப்பல் வாங்கலாம்னு விருந்து சாப்பிட்டுப் பேசுவாரு. வந்தப்ப ஒல்லியா இருந்தாரு அத்தா. ஒரு பரேடு அன்னைக்குக் காலைல பொத்தான் பூட்ட முடியல. எல்லாரும் முழிச்சாங்க. நான் உள்ள மடிச்சு விட்டிருந்த துணியப் பிரிச்சு விட்டுட்டேன். தேசிய கீதம் வாசிக்கிறதுக்குள்ள கோட்டு ரெடி."

சேக் மைதீன் முதல் தடவையாகச் சிரித்தார். உள்ளே துணி விட்டுத் தைப்பது அவருடைய கடையின் வழக்கம். ஜூனில் வாங்கிய சட்டை அடுத்த ஜூனுக்கும் வர வேண்டும் என்றுதான் தாய்மார்கள் அவரிடம் வருவார்கள். ஒரு நாட்டின் தளபதிக்கும் அது பொருந்தியது அவருக்குப் பிடித்திருந்தது.

ஆனால் வெட்டுகிற இடத்தில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது.

"நேராவே வெட்டுவோம்" என்றார் சேக் மைதீன். "பதவி ஏத்துக்கிற அன்னைக்கு எவன்டா குனிஞ்சு நிப்பான்? நெஞ்ச நிமித்திக்கிட்டு சல்யூட் வைப்பாரு. போட்டோ புடிச்சு செவுத்துல மாட்டுவாங்க."

"முப்பது வருஷத்து முதுகு ஒரு நாள்ல நிமிராது அத்தா."

"நிமிரும். நாற்காலி கிடைச்சா எல்லாருக்கும் நிமிரும்."

துணி ஒன்றுதான் இருந்தது. தப்பாக வெட்டினால் வேறு வழியில்லை. கடைசியில் பின்பக்கம் தேவைக்கு மேலேயே துணி விட்டு, அத்தா சொன்னபடி நேராக, பிறகு பிரித்துவிடக்கூடிய கச்சாத் தையல் போட்டு, முதலில் ஒரு ஆளுக்கு மாட்டிப் பார்ப்பது என்று முடிவானது. எந்த ஆளுக்கு என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் ஸ்ரீரங்கம் பேண்டு செட்டு மாஸ்டர் சின்னையா கடைக்கு வந்தார். ஆவணி முகூர்த்தங்களுக்குத் தன் ஆட்களின் சிவப்புக் கோட்டுகள் தயாரா என்று விசாரிக்க வந்தவர், மேஜையில் தங்கப் பட்டையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"பாய், இது எந்த செட்டுக்கு?"

"வெளியூர் செட்டு மாஸ்டர்."

"பொய் சொல்லாதீங்க. திருவானைக்காவல்காரனுக்குத்தானே? என் சிவப்புக் கோட்டுக்கு இந்தா அந்தான்னு இழுக்குறீங்க, அவனுக்கு ஜரிகை வச்சுத் தைக்கிறீங்க."

"சத்தியமா வெளிநாட்டு செட்டு. ஆயிரம் பேருக்கு மேல இருக்காங்க."

"ஆயிரம் பேரா? எந்தத் தெருவுல நடப்பாங்க?"

"தண்ணில போவாங்க" என்றான் தாஹா.

சின்னையா அவனை மேலும் கீழும் பார்த்தார். தாஹா அவரைப் பார்க்கவில்லை, அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்து சாக்ஸபோனைக் கழுத்தில் தொங்கவிட்டு ஊதியவர். கழுத்து முன்னால் வந்து, முதுகு வளைந்து, ஒரு தோள் தாழ்ந்திருந்தது. மகனும் அத்தாவும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாஸ்டர், இதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுறீங்களா?" என்று சேக் மைதீன் மெதுவாகக் கேட்டார்.

சின்னையாவுக்குக் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். தோளைப் பின்னுக்குத் தள்ளி, மூச்சைப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தினார். கோட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. சேக் மைதீன் மகனைப் பார்த்து, சொன்னேன்ல என்பது போலத் தலையசைத்தார்.

"அப்படியே ஒரு சல்யூட் வைங்க மாஸ்டர்" என்றான் தாஹா. "வச்சுட்டு அப்படியே நில்லுங்க."

சின்னையா வைத்தார். பிடித்த மூச்சு எவ்வளவு நேரம் நிற்கும்? மெல்ல விட்டார். கழுத்து தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. பின்காலர் கழுத்தைவிட்டு விலகி வாயைத் திறந்தது, கோட்டின் பின்பக்கம் மேலே ஏறி நின்றது.

சேக் மைதீன் பக்கத்தில் போய்ப் பின்பக்கத்து நூலைப் பிரித்து, உள்ளே இருந்த துணியை இறக்கி, முதுகின் வளைவுக்கு ஏற்றபடி குண்டூசி குத்த ஆரம்பித்தார்.

"இதே மாதிரி எனக்கும் ஒண்ணு பாய்" என்றார் சின்னையா, கண்ணாடியைவிட்டு நகராமல்.

"ஜரிகை கிடையாது. முதுகு வேணா இதே மாதிரி வச்சுத் தரேன்."

அடுத்த நாளெல்லாம் இரண்டு பேரும் உட்கார்ந்து தைத்தார்கள். தங்கப் பட்டையைக் கோட்டின் கையில் ஏற்றுகிற வேலையைத் தாஹா அத்தாவிடம்கூடக் கொடுக்கவில்லை. கோட்டை எடுத்துப் போக ஆளும் கிடைத்தார். துறையூர் நவநீதன், லீவு முடிந்து அதே ஊருக்குத் திரும்புகிறவர். அவர் வருகிற காலையில் இர்பானாவை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. இஸ்திரி போட்டு மடித்துக் கொடுக்கிற பொறுப்பை அத்தாவிடம் விட்டுவிட்டுப் போனான்.

எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, இன்னும் நாலைந்து நாள் ஆகும் என்றார் டாக்டர். சாயங்காலம் டீ குடிக்கும்போது சேக் மைதீன் சாதாரணமாகச் சொன்னார்.

"காலர் உள்ள லேபிள் மட்டும் கொஞ்சம் கோணலா போச்சு. அவசரத்துல வச்சது."

தாஹா டம்ளரைக் கீழே வைத்தான். "என்ன லேபிளு?"

"நம்ம லேபிளுதான். ஷேக் டைலர்ஸ், பாலக்கரை, திருச்சி. அது இல்லாம என்னைக்குடா இந்தக் கடைய விட்டுத் துணி போயிருக்கு?"

தளபதியின் உடுப்பில் எந்தக் கடைப் பேரும் இருக்கக் கூடாது. அதைவிட மோசம், கோட்டு நாட்டைவிட்டு வெளியே போய் வந்ததை அந்த லேபிளே இங்கிலீஷில் சொல்லிவிடும். நவநீதனுக்குப் போன் போட்டான். ஸ்விட்ச் ஆஃப். விமானம் ஏறியாகிவிட்டது. ஹாலித்துக்குச் சொல்லலாம் என்று பேசி டைப் செய்து, அனுப்பாமல் அழித்து, கடைசியில் அனுப்பினான். "காலர்ல லேபிள் இருக்கு. பிரிச்சுடு."

பதில் மறுநாள் காலையில்தான் வந்தது. "இப்பத்தான் பாக்குறேன். கோட்டு அவரு ரூமுக்குப் போயிடுச்சு."

வியாழக்கிழமை பதவியேற்பை அந்த நாட்டு டிவி நேரலையாகக் காட்டியது. போனைச் சோற்றுப் பானை மேல் சாய்த்து வைத்துப் பெரியவர்கள் நான்கு பேரும் பார்த்தார்கள். பழைய தளபதி வாளைக் கொடுத்தார். புதியவர் வாங்கினார். லேசாகக் குனிந்த மாதிரிதான் நின்றார். ஆனால் காலர் கழுத்தோடு ஒட்டி இருந்தது, பின்பக்கம் ஒரு சுருக்கம் இல்லை.

"நல்லா உக்காந்திருக்கு" என்றாள் அம்மா சாரா பீவி. "மாஸ்டருக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

தாஹாவுக்கு அந்தக் காலரின் உள்பக்கம் மட்டும்தான் மனதில் இருந்தது. அன்றைக்கு ஹாலித் கூப்பிடவில்லை. அடுத்த நாள் காலையிலும் கூப்பிடவில்லை. தாஹா கோணலாகப் பட்டன் வைத்த சட்டைகளையெல்லாம் சேக் மைதீன் சத்தமில்லாமல் பிரித்து மறுபடி வைத்தார். ஜும்மா தொழுகை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"மச்சான், என்னைக் கூப்பிட்டு விட்டாரு" என்றான் ஹாலித். "கோட்டு நாற்காலில கிடக்கு. காலரத் திருப்பிக் காட்டி, இது எங்க இருக்குன்னு கேட்டாரு. இந்தியாலன்னேன். தமிழ்நாடுன்னேன். எந்தக் கடல் பக்கம்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"கடல் இல்ல சார், காவேரி இருக்குன்னேன். எவ்வளவு ஆழம்னு கேட்டாரு."

"டேய்."

"உண்மையாத்தான். மாசத்துக்கு மாசம் மாறும் சார்னு சொல்லித் தப்பிச்சேன். அப்புறம், முதுகுக்கு வெட்டுனது யாருன்னாரு. நம்ம டைலரும் அவங்க அத்தாவும், அவன் பொண்டாட்டி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னேன். கேட்டுட்டு, லேபிள் இருக்கக் கூடாது, பிரிச்சாகணும்னு சொல்லிட்டாரு."

தாஹா தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்தது என்று நினைத்தான்.

"நான் கத்திரிக்கோல எடுத்தேன் மச்சான். கைய நீட்டித் தடுத்துட்டாரு. தச்சவன் வந்து பிரிக்கட்டும், வேற யாரும் அதுல கை வைக்க வேணாம்னாரு. பிள்ளை பொறந்த பிறகு வரட்டும், அது வரைக்கும் கோட்டு தன் அலமாரிலயே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. கேக்குதா?"

"கேக்குது" என்றான் தாஹா. மூச்சு இறங்கியதும் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது தெரிந்தது.

போனை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னான். சாரா பீவி அல்ஹம்துலில்லாஹ் என்றாள். இர்பானா ரசத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். "அப்ப போயிடுவீங்க" என்று மட்டும் சொன்னாள். "நீ ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்கு வந்து நல்லா நடமாடுன பிறகு" என்றான் அவன்.

சேக் மைதீனுக்கு லேபிளைப் பிரிக்கச் சொன்னதில் கொஞ்சம் வருத்தம்தான். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பிரிக்கிறதுன்னா ஊசியால ஒவ்வொரு தையலா எடு. கத்திரி வைக்காத, துணில தழும்பு விழும்."

"சரிங்கத்தா."

"இவரு எத்தனை வருஷம் இருப்பாரு?"

"மூணு வருஷம் இருப்பாங்க எல்லாரும்."

சேக் மைதீன் கணக்குப் போடுவது போல மேலே பார்த்தார். "பின்னாடி ரெண்டு இஞ்ச் விட்டிருக்கோம். இன்னும் கொஞ்சம் குனிஞ்சாலும் தாங்கும்."