பூங்காவனத்துக்கு முன் மாற்ற வேண்டிய பொட்

1

இந்தக் கதை எனக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு ரேடியோச் சாமான் கடையில் கிடைத்தது. மேசை விளக்குக்கு ஒரு சுவிச் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். முதுகில் கிற்றார்ப் பை. கண்ணாடி மேசைமேல் நாலைந்து சின்ன உலோகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தண்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தண்டையும் சுண்டுவிரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, காதாலை கேக்கிற சாமானைக் கையாலை தடவிப் பாக்கிறியள்?" என்றார் கடைக்காரர்.

"இன்னும் ஒண்டு இருந்தா எடுங்கோ அண்ணை. இதுகள் எல்லாம் லேசாக் கிடக்கு."

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்த முகத்தில் இருந்த பயத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சுவிச்சை மறந்துவிட்டேன்.

இனி வருவதெல்லாம் நான் கட்டியது. நிவேதனா என்ற பெயர் உட்பட.

2

எப்படித் தொடங்குவது? முதலில் எழுதியது:

"பருத்தித்துறைக் கடல் அன்று வழக்கத்துக்கு மாறாக..."

வேண்டாம். கடலில் தொடங்கினால் கடைசிவரை கடலைச் சுமக்க வேண்டும். அடுத்தது:

"நிவேதனா ஒரு கணித ஆசிரியை. அவளுக்கு வாழ்க்கை என்பது ஒரு..."

இதற்கு வாக்கியத்தின் முடிவே இல்லை, இருந்தாலும் அது அசட்டுத்தனமாகத்தான் இருக்கும். ஆகவே நேரே சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் பூங்காவனத் திருவிழா, இரவு இன்னிசைக் கச்சேரி. செவ்வாய்க்கிழமை மானிப்பாயில் நடந்த ஒத்திகையில் நிவேதனாவின் கிற்றார் பாதியில் செத்துப்போனது.

செத்தது கிற்றார் அல்ல, வொலியூம் குமிழுக்குள் இருக்கும் பொட். (தெரியாதவர்களுக்கு: குமிழைத் திருகினால் உள்ளே ஒரு தண்டு திரும்பும். அது, லாடம்போல வளைந்த கரிப் பாதையில் ஒரு தகட்டை நகர்த்தும். தகடு எங்கே நிற்கிறதோ அதற்கேற்ற சத்தம். இதற்குமேல் நானும் அறியேன் என்று சொல்லத்தான் ஆசை. இந்தக் கதை என்னை விடவில்லை.)

மற்றவர்களுக்கு அது சின்ன வேலை. பழையதைக் கழற்று, புதியதைப் பற்றவை. நிவேதனாவுக்கு அப்படியல்ல. பூங்காவன இன்னிசையில் முதல் பாட்டுக்கு முன்னால் அவள் தனியே ஒரு முன்னிசை வாசிப்பாள். சத்தத்தை முழுவதும் மூடி வைத்துக்கொண்டு தந்தியை மீட்டுவாள். மீட்டிய பிறகு சுண்டுவிரலால் குமிழை மெல்லத் திறப்பாள். விரல் தந்தியில் பட்ட அடி காதில் விழாது, சுரம் மட்டும் மூச்சு விட்டதுபோல் எழும்பி வரும். கண்ணை மூடிக் கேட்டால் நாதஸ்வரம் என்பீர்கள். இரண்டு வருடமாகச் சனம் கச்சான் கடலை கொறிப்பதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டது.

இசைக்குழுவை நடத்துகிற ஜஸ்ரின் ஒத்திகையில் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கோவிக்காதேங்கோ நிவேதனா. வெள்ளிக்கிழமையும் இப்பிடி வந்துதெண்டா முன்னிசையைக் கீபோட்டுக்குக் குடுத்திடுவம். அதிலை நாதஸ்வரச் சத்தம் இருக்குத்தானே."

இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் வரும், கரகரக்காது. ஒருமுறை கீபோட்டுக்குப் போன இடம் திரும்பி வந்ததாக அவள் எந்த இசைக்குழுவிலும் கேள்விப்பட்டதில்லை. பருத்தித்துறைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது கிற்றாரை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண், பைக்குள் குழந்தைக்குச் சுகமில்லையோ என்று கேட்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

3

பயந்த மனிதர் ஒன்று வாங்கப் போய் நாலு வாங்குவார். நிவேதனாவும் புதன்கிழமை அந்த ரேடியோக் கடையில் நாலு வாங்கினாள். மேசையில் பழைய பேப்பர் விரித்து வரிசையாக வைத்தாள்.

முதற் கேள்வி, இருநூற்றைம்பதா ஐந்நூறா. பொட்டின் முதுகில் குத்தியிருக்கும் இலக்கம் அது. அவளுடைய கிற்றாரில் தந்திக்குக் கீழே சத்தம் பிடிக்கும் காந்தம் இரட்டைச் சுருள். அதற்கு இருநூற்றைம்பது வைத்தால் போர்வைக்குள் இருந்து பாடினதுபோல் மங்கிப் போகும். ஐந்நூறுதான். ஒன்றை ஒதுக்கினாள்.

இரண்டாவது, தண்டு. ஒன்றின் தண்டு முழுசாக இருந்தது. அவளுடைய குமிழோ பிளந்த தண்டில் மட்டும்தான் ஏறும். அதுவும் போயிற்று.

மிஞ்சிய இரண்டில் ஒன்றில் ஏ என்ற எழுத்து, மற்றதில் பி. பி என்றால் நேர்கோடு. பெயரைக் கேட்க நல்லாயிருக்கும், ஆனால் முதல் கொஞ்சத் திருகலிலேயே சத்தத்தின் பெரும்பங்கு வந்துவிடும். ஏ என்றால் மடக்கை. காது கேட்கிற விதத்துக்கு ஏற்ப மெல்ல மெல்ல ஏறும். பள்ளிக்கூடத்தில் மடக்கை படிப்பிக்கும்போது, 'இது எங்களுக்கு எதுக்கு ரீச்சர்' என்று கேட்ட அத்தனை பிள்ளைகளும் அவள் நினைவுக்கு வந்தார்கள்.

சில கொம்பனிகள் எழுத்தை மாற்றிப் போடும் என்று எங்கோ வாசித்திருந்தாள். ஆகவே மின்தடை அளக்கும் மீற்றரை எடுத்து, தண்டைப் பாதியில் நிறுத்தி அளந்தாள். மடக்கைதான். திரும்ப அளந்தாள். கைகழுவிவிட்டு வந்து இன்னொருக்கா அளந்தாள்.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் ஒரு சந்தேகம். இவளை நான் கணித ஆசிரியை ஆக்கியது என் வசதிக்கு. மடக்கையை விளக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆனால் எல்லாக் கேள்விக்கும் சரியான விடை எழுதிவிட்டு, பேப்பரைக் கொடுக்க மனமில்லாமல் மண்டபத்தில் குந்தியிருக்கும் பிள்ளை மாதிரி இவள் ஏன் இருக்கிறாள்?)

4

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு ஏ-யைப் பற்றவைத்தாள். கிற்றாரை அம்ப்ளிபயரில் கொழுவினாள். சத்தம் பளிங்காக வந்தது. கரகரப்பே இல்லை. அப்பாடா என்று முன்னிசையைத் தொடங்கினாள்.

சுரம் எழும்பவில்லை, குதித்தது.

விரல் ஓடிவிட்டது. குமிழ் அவ்வளவு லேசு, தொட்டாலே சுற்றுகிறது. மெதுவாகத் திருக முயன்றாள், சுரம் விக்கி விக்கி ஏறியது. சாப்பாட்டு நேரம்வரை வாசித்தாள். கீபோட் வாசிக்கும் ஜெசிதா போன் எடுத்து, "அக்கா, முன்னிசை நான் ஒருக்காப் பழகி வைக்கட்டோ? சும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்று கேட்டாள். ஜெசிதா நல்ல பிள்ளை. அதனால்தான் நிவேதனாவுக்குக் கூடுதலாக வலித்தது.

"ஓம், பழகுங்கோ" என்றாள். வேறென்ன சொல்வது?

* மறுமுறை எழுதியபோது ஜெசிதாவைப் பொறாமைக்காரியாக்கிப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது. அதனால் அழித்துவிட்டேன்.

5

வெள்ளி மத்தியானம், பழைய பொட் ஏன் இவ்வளவு பாரமாகத் திரும்புகிறது என்று பார்க்க, அதன் முதுகுத் தகட்டைக் குறட்டால் நெம்பித் திறந்தாள். உள்ளே நீலமாக, களிபோல் ஏதோ அப்பியிருந்தது. மணந்து பார்த்தாள். அந்த மணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

முற்றத்தில் அண்ணன் மயூரதன் படகு எஞ்சினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். கடலுக்குப் போகிறவன். கிற்றாரின் எந்த நுனியைப் பிடிப்பது என்றும் தெரியாதவன்.

"அண்ணை, இதுக்குள்ளை என்ன போட்டனீங்கள்?"

அவன் திரும்பிப் பார்த்தான். ஒளிக்கத் தெரியாத முகம்.

"அது... முந்தி ஒருக்காக் கரகரக்குதெண்டு மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்தனி. எஞ்சினுக்குப் போடுற கிறீசிலை கொஞ்சம் ஈர்க்காலை தொட்டு விட்டனான்."

"கிற்றாருக்கு ஆரும் எஞ்சின் கிறீஸ் போடுவினமே?"

"உப்புக் காத்துக்கை கிடக்கிற இரும்புக்குக் கிறீஸ் போடாமல் விடுறதே?" அவன் உண்மையாகவே கேட்டான். "கரகரப்பு நிண்டிட்டுது தானே?"

நின்றது. அந்த வருடப் பூங்காவனத்தில்தான் சனம் முதன்முதலாகக் கச்சானைக் கீழே வைத்தது.

நிவேதனா முற்றத்துக் கல்லில் இருந்துவிட்டாள். கிறீஸ் குமிழைப் பாரமாக்கியிருக்கிறது. பாரம் விரலை மெதுவாக்கியிருக்கிறது. அதே கிறீஸ் மெல்ல மெல்லக் கரிப் பாதையைத் தின்று, செவ்வாய்க்கிழமை கொன்றும் விட்டது. தன்னுடைய கைவண்ணம் என்று இரண்டு வருடமாக அவள் நினைத்திருந்தது, ஈர்க்கு நுனியில் தொட்டுவிட்ட கொஞ்சக் கிறீஸ்தானா? முன்னிசை போவது ஒரு பயம். அது எப்போதுமே தன்னுடையதாக இருக்கவில்லையோ என்பது அதைவிடப் பெரிய பயம். அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

மயூரதன் துணியைக் கீழே போட்டான். "நான் பழுதாக்கிப் போட்டனோ பிள்ளை?"

'ஓம்' என்றாலும் உண்மை. 'இல்லை, நீங்கள்தான் செய்து தந்தது' என்றாலும் உண்மை.

6

முடிவுகள். என்னிடம் மூன்று இருந்தன.

அ) புதிய பொட்டுக்குள்ளும் கிறீஸ் விடுகிறாள். முன்னிசை அமோகம், சனம் சொக்கிப்போகிறது. ஆனால் அப்போது வாசித்தது யார்? தவிரவும், புதுக் கிறீஸ் கரியில் சரியாகப் பரவாமல், நடு முன்னிசையில் சத்தம் அறுந்தும் போகலாம். அறுந்தால் ஜெசிதா ஆயத்தமாக நிற்கிறாள்.

ஆ) கிறீஸ் இல்லாமல் வாசித்து வெல்கிறாள். 'திறமை விரலில்தான் இருந்தது' என்று ஒரு வாக்கியம் எழுதி, பரிசளிப்பு விழாவில் வாசிக்கத் தக்கதாக முடிக்கலாம். எழுதியும் விட்டேன். வாசித்துப் பார்த்தேன். முற்றத்தில் கிறீஸ் கையோடு நிற்கும் மயூரதன், அந்த வாக்கியத்துக்குப் பிறகு எங்கே போவான்?

இ) கிறீஸ் இல்லாமல் வாசித்துத் தோற்கிறாள். சுரம் குதிக்கிறது. அடுத்த வருடம் முன்னிசை கீபோட்டில்... இதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை. நடக்காது என்று அல்ல. பெரும்பாலும் இதுதான் நடக்கும் என்று தெரிந்ததால்.

7

ஆகவே அவளை நான் வெள்ளி பின்னேரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கிற்றார் மேசையில் குப்புறக் கிடக்கிறது. பின்மூடி இன்னும் பூட்டப்படவில்லை. புதிய பொட்டின் ஓரத்தில், கம்பிகள் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில், ஓர் ஈர்க்கு நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிகிறது. பக்கத்தில் மயூரதன் கொண்டுவந்து வைத்த கிறீஸ் ரின், மூடி திறந்தபடி. பூங்காவனத்துக்காகத் தலை தோய்ந்து வேட்டி கட்டியிருக்கிறான். நகத்துக்குள் மட்டும் நீலம் போகவில்லை.

"விடட்டோ, வேண்டாமோ? நீ சொல்லு."

"நீங்கள் சொல்லுங்கோ அண்ணை."

"எனக்கு உந்தச் சங்கீதம் என்ன தெரியும்?"

"எனக்கும் இப்ப ஒண்டும் தெரியேல்லை." அவள் சுண்டுவிரலை மற்றக் கைக்குள் பொத்திப் பிடித்திருக்கிறாள். "பயமாக் கிடக்கு."

"எனக்கும்தான்" என்கிறான் மயூரதன்.

வெளியே ஜஸ்ரினின் வான் வண்டி வந்து நின்று கோன் அடித்துக் கூப்பிடுகிறது. வானுக்குள்ளே ஜெசிதா இருக்கிறாள், மடியில் கீபோட்.

இருவரும் இப்போது என்னைப் பார்க்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன். விடலாமா, வேண்டாமா? மடக்கை, நேர்கோடு, ஐந்நூறு எல்லாம் உங்களுக்கும் தெரியும். எனக்குத் தெரிந்த எதையும் உங்களுக்கு ஒளிக்கவில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நீங்கள் எதைச் சொன்னாலும் இன்றைக்கு மேடையில் ஏறப்போவது அவளுடைய விரல். உங்களுடையது அல்ல, என்னுடையதும் அல்ல.

ஆறுதலாக யோசியுங்கள் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஜஸ்ரின் இரண்டாம் தரமும் கோன் அடித்துவிட்டான்.