சஹீர் கொடுத்த கேசட்

எனக்குப் பொறுமை கிடையாது. கோட்டைமேட்டில் என் பூட்டுக் கடைக்கு வந்து போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பொறுமையில்லாத கை ஒருநாள் என் தம்பி சஹீரின் கன்னத்தில் இறங்கியது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த, டிவியில் மாட்டி, டேப் ரிக்கார்டரில் கேசட்டை ஓட்டிப் புரோகிராம் ஏற்றுகிற, ரப்பர் பொத்தான் வைத்த கம்ப்யூட்டர்தான் அவனுக்கு உலகம். டூப்ளிகேட் சாவிக்கு ஆள் நிற்கும்போது கம்ப்யூட்டர் புத்தகத்தில் மூழ்கிக் கிடந்தான். நாலு பேர் முன்னால் அறைந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவன் என்னோடு பேசவே இல்லை. பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது என் மனைவி சாஜிதாவிடம் ஒரு கேசட்டைக் கொடுத்தான்.

"அண்ணி, அண்ணனுக்குச் சொல்ல வேண்டியத இதுல எழுதிப்போட்டேனுங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தி, ரசாக்னு அவரு பேர அடிக்கச் சொல்லுங்க. பதில் வரும்."

"ஏன், தொரைக்கு வாயில்லையா?" என்று கேசட்டை டிராயரில் எறிந்தேன். பெருநாள் தொழுகை முடிந்தால் கட்டித் தழுவித்தானே ஆக வேண்டும், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீம்பு. மறுநாள் பல்லடம் ரோட்டில் லாரி மோதி அவன் போய்விட்டான். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா அழுததால், நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு முன்பே அதை யாருக்கோ கொடுத்துவிட்டோம். கேசட் மட்டும் மிஞ்சியது.

முப்பத்தாறு வருஷம் ஆயிற்று. என்னை மன்னித்து எழுதினானா, திட்டி எழுதினானா? திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னவென்று தெரிந்தால் போதும் என்று கிடந்தேன்.

போன மாதம் என் மகள் ஹுமேரா லேப்டாப்பைக் கொண்டுவந்து காட்டினாள். சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் வேலை, அங்கேயே குடித்தனம்.

"அத்தா, இதுக்குப் பேரு எமுலேட்டருங்க. சித்தப்பாவோட கம்ப்யூட்டர் மாதிரியே லேப்டாப்புக்குள்ள ஒண்ணு ஓடும். பழைய மிசினே வேண்டாம்."

ஒரு பொத்தானைத் தட்டினாள். சஹீரின் டிவியில் பார்த்த அதே சாம்பல் திரை, கீழே அதே ஒற்றை வரி.

"கேசட்டுல இருக்கறத பைலா மாத்தணுமுங்க. ஞாயித்துக்கெழம வந்து நானே எடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் தொடாதீங்க அத்தா."

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை. முப்பத்தாறு வருஷம் சும்மா இருந்தவனுக்கு நாலு நாள் இருக்க முடியவில்லை. புதன்கிழமையே காந்திபுரத்தில் சாமுவேல் கடைக்குப் போய்விட்டேன். கல்யாண கேசட்டுகளை பென் டிரைவில் ஏற்றித் தருகிறவர்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ரிப்பேருக்கு வந்த பூட்டைத் துருவெடுத்து, எண்ணெய் போட்டு, பளபளவென்று துடைக்காமல் திருப்பிக் கொடுக்க மாட்டோம். அந்தப் பழக்கத்தில் அவரிடமும் சொன்னேன்.

"ஏனுங்க தம்பி, முப்பத்தாறு வருஷத்து அழுக்கு. சுத்தமா கிளீன் பண்ணிக் குடுத்துருங்க."

சனிக்கிழமை பென் டிரைவைக் கையில் வைத்தார். "டேப்பு பூஞ்ச புடிச்சுக் கெடந்துச்சுங்க பாய். ஒருதடவ ஓடுனதே பெருசு. அப்புறம் மாட்டி, துண்டு துண்டாப் போச்சு. கவலப்படாதீங்க, எல்லாம் எடுத்தாச்சு." அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக நன்றி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹுமேரா முகம் சுளித்தாள், ஆனாலும் பைலை ஏற்றினாள். திரையின் ஓரம் சிவப்பானது, நீலமானது. ஸ்பீக்கரில் என் தம்பி பேசினான்.

"அண்ணா, நான் சஹீருங்க. இது ஏற அஞ்சு நிமிசம் ஆகும். உங்களுக்குத்தான் பொறுமையே கெடையாதே! நடுவுல நிறுத்திப்போடாதீங்க."

யா அல்லாஹ்! பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவ்வளவு தெளிவு. சாஜிதா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குரல் நின்றது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஓரம் மட்டும் சிவப்பும் நீலமுமாக மாறிக்கொண்டே இருந்தது. ஹுமேராவின் முகம் வெளிறியது.

"அத்தா, இதுல பேச்சு மட்டுந்தானுங்க இருக்குது. அப்புறம் கீச்சுனு ஒரு சத்தம் வரணும். அந்தச் சத்தந்தானுங்க புரோகிராமே, சித்தப்பா எழுதுனதெல்லாம் அதுலதான் இருந்துருக்கும்."

சாமுவேலுக்குப் போன் போட்டேன்.

"அதுங்களா பாய்? பேச்சு முடிஞ்சதும் ஒரே கீச்சுங்க, காது கிழிஞ்சுரும். நீங்கதான் சுத்தமா வேணும்னீங்களே, ஒரு பொட்டு மிச்சமில்லாம வழிச்செடுத்துப்போட்டேன்."

"மொதல்ல எடுத்தது இருக்குதுங்களா தம்பி?"

"அதுமேலயேதானுங்க சேவ் பண்ணுனேன். ஏனுங்க, ஏதாச்சும் தப்பாப் போச்சுங்களா?"

வண்டை வண்டையாக நாக்கு நுனி வரை வந்தது. யாரைத் திட்ட? நான் கேட்டதை ஒரு குறையில்லாமல் செய்து கொடுத்திருக்கிறார் மனுஷன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் நான்.

"ஒண்ணுமில்லீங்க. குரல் நல்லாக் கேக்குது," என்று வைத்துவிட்டேன்.

"ஏதாச்சும் வழி இருக்குதா கண்ணு?"

ஹுமேரா இல்லையென்று தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிறுத்திரட்டுங்களா அத்தா?" என்று பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம் கண்ணு. அஞ்சு நிமிசம் ஆகும்னு சொன்னானில்ல."

ஐந்து நிமிடம் ஆனது. சாஜிதா கொண்டுவந்து வைத்த டீ ஏடு கட்டியது. திரை சிவந்தது, நீலமானது, மறுபடி சிவந்தது. அரைமணி ஆகியும் நான் எழுந்திருக்கவில்லை.