பன்னிரண்டு சென்டிமீட்டர்

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். வெந்நீர் வைத்துச் சவரம் செய்தேன். பூட்ஸைத் தலைகீழாகத் தட்டினேன். தேள் எதுவும் விழவில்லை. சட்டையின் முன்பக்கத்தை மட்டும் இஸ்திரி போட்டேன். பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆறரைக்குச் சமையலறைக்குள் போனேன். துளையிடும் இயந்திரம் நாற்பது மீட்டரைத் தாண்டியிருந்தது.

அடுப்பு இருந்த இடத்தில்தான் துளை. அங்கே தரை துருப்பிடித்திருந்தது. தரை துருப்பிடித்தால் அடியில் துத்தநாகமோ ஈயமோ இருக்கலாம். கல்லூரியில் முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

எங்கள் மாவட்டத்தில் இறந்தவர்கள் மண்ணுக்கடியில் சிறு கனிமப் படிவுகளாகக் கிடைக்கிறார்கள். பெரிய படிவுகளை முன்பே எடுத்துவிட்டார்கள். என் மனைவி சுகந்தி மார்ச் மாதம் இறந்தாள். வயது இருபத்தொன்பது. நான் நிலவியல் படித்தவன் என்பதால் எனக்கே துளையிட அனுமதி தந்தார்கள்.

துளையிலிருந்து கல் நீண்ட உருளையாக வெளியே வரும். அதைக் கோர் என்போம். கோரை நீளவாக்கில் இரண்டாக அறுக்க வேண்டும். ஒரு பாதி ஆய்வகத்துக்குப் போகும். அங்கே அதை மாவாக அரைத்துவிடுவார்கள். மறுபாதி மரப்பெட்டியில் இருக்கும். பெட்டி உரியவருக்கு.

எனக்கு அந்தப் பாதி வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

"ராடு சிக்கிக்கிச்சு சார்," என்றார் ஆபரேட்டர் முனிரத்தினம்.

துளைக்குள் ராடு சிக்கினால் ஜியாலஜிஸ்டை அறைய வேண்டும். ஒப்பந்தத்தில் ஒன்பதாவது பிரிவு. அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை அறைந்தார். ராடு அசையவில்லை. மறு கன்னத்தில் அறைந்தார். ஒரு பல் விழுந்தது. ராடு விடுபட்டது.

"நல்ல பல்லு சார். எடுத்து வச்சுக்குங்க."

எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

நாற்பத்தொரு மீட்டரில் சுகந்தி தொடங்கினாள். நாற்பத்தைந்தில் முடிந்தாள். துத்தநாகம் தேன் நிறத்தில் பட்டை பட்டையாக இருந்தது. நடுவில் ஈயம், சின்னச் சின்னக் கனசதுரங்களாக. சுரங்கம் தோண்டும் அளவுக்கு இல்லை. எந்த நிறுவனமும் திரும்பிப் பார்க்காது. அந்த மட்டில் நல்லது.

கோரில் காதை வைத்தால் பேச்சு கேட்கும். அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. கடைசி மீட்டரின் அடியில் அவளுக்கு மூன்று வயது. யாரிடமோ பென்சில் கேட்டாள். நாற்பத்து மூன்றில் பேருந்து நடத்துநரோடு சண்டை போட்டாள். நாற்பத்திரண்டில் என்னோடு.

சுகந்தியின் மேல்முனையில் பன்னிரண்டு சென்டிமீட்டர் இல்லை.

"தொளைக்குள்ள விடுற தண்ணியோட போயிடுச்சு," என்றார் முனிரத்தினம். "ரெண்டு பாறை சேர்ற எடத்துல எப்பவுமே நொறுங்கித்தான் கெடக்கும். அதுல என்ன இருந்துச்சு?"

"கடைசியா பேசினது."

"அடடா." அவர் தலையைச் சொறிந்தார். "ஏதாவது ஒரு கல்ல வச்சு அடச்சிடுங்க சார். நான் பாக்காத ஜியாலஜிஸ்டா? எல்லாரும் பண்றதுதான்."

அது தவறு. காணாமல் போன இடத்தில் ஒரு மரக்கட்டை வைத்து, அதன்மேல் 'இழப்பு' என்று எழுத வேண்டும். நான் அலமாரியைத் திறந்தேன். கல்லூரிச் சுற்றுலாவில் பொறுக்கிய ஈயக்கல் ஒன்று இருந்தது. பளபளப்பானது, கனமானது. பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு உடைத்துப் பெட்டியில் பொருத்தினேன். காதை வைத்துப் பார்த்தேன். 'அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றது. என் குரல்தான்.

மார்ச் மாதம் என் மாமியாரிடம் நான் சொன்ன வாக்கியம் அது. அவர் வந்த பேருந்து இரண்டு மணி நேரம் தாமதம். வந்ததும், கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். நான் அதைச் சொன்னேன். பதினாறாம் நாள் அதை இடது முன்கையில் பச்சை குத்திக்கொண்டார்.

பத்து மணிக்கு ஆய்வக அதிகாரி கோமளவல்லி வந்தார். துளை எவ்வளவு ஆழமோ அவ்வளவு நீளமாகிவிடும் எங்கள் வீட்டு நடைவழி. நாற்பத்தைந்து மீட்டரை அவர் நாற்பது நிமிடங்களில் கடந்தார். கையில் சுத்தியல். பின்னால் என் மாமியார் செண்பகம், இன்னும் நடந்துகொண்டிருந்தார்.

கோமளவல்லி முதலில் என் முழங்காலைத் தட்டினார். எலும்பு உடைந்தது.

"சுத்தியல் சரியா இருக்கு," என்று எழுதிக்கொண்டார்.

பிறகு கோரைத் தட்டினார். அடியிலிருந்து ஒவ்வொரு துண்டாக. மேல்முனைத் துண்டுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது இந்தத் துளைக் கல் இல்ல."

"ஆமாம் மேடம்."

"எங்கேர்ந்து?"

"அலமாரியிலேர்ந்து."

"படிச்சவர்தானே நீங்க?"

"எம்.எஸ்சி."

"அப்போ விதி தெரியும்."

தெரியும். ஒரு பொய்க்கல் இருந்தாலும் முழுக் கோரையும் அரைக்க வேண்டும். பாதி கிடையாது. பெட்டி திரும்பி வராது. இழந்த இடத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று உறவினர் ஒருவர் முன்னால் வாய்விட்டுச் சொன்னால் மட்டும் விலக்கு உண்டு.

அரவை இயந்திரத்தைக் குளியலறையில் மாட்டினார்கள். முனிரத்தினம் அடியிலிருந்து கல் போட ஆரம்பித்தார். பென்சில் கேட்ட குரல் உள்ளே போனது. வெளியே சாம்பல் நிற மாவு வந்து வாளியில் விழுந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். எனக்குக் கொடுத்த வேலை."

"பரவாயில்ல."

"சொல்லிடுங்களேன்."

மாமியார் வந்துசேர்ந்து கோர் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன்கையில் பச்சை எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.

கோமளவல்லி என் வலது கையைப் பெட்டியின்மேல் வைத்தார். சுண்டுவிரலை உடைத்தார். அளந்து எழுதினார். மோதிரவிரலை உடைத்தார். அளந்து எழுதினார். வலித்தது. அதையும் படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுதினார்.

"இன்னும் மூணு இருக்கு," என்றார். "அப்புறம் இடது கை. சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிக்கணும்."

"பொறுமையா செய்யுங்க மேடம்."

குளியலறையில் சுகந்தி ஆறாம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னாள். எட்டாம் வாய்ப்பாட்டின் பாதியில் அரைபட்டாள். வாளி நிரம்பியது. முனிரத்தினம் அடுத்த வாளியை வைத்தார். அவர் கை இயந்திரத்துக்குள் மணிக்கட்டுவரை போய்த் திரும்பியது. பார்த்தார். துண்டைச் சுற்றிக்கொண்டு மறு கையால் கல்லைப் போட்டார்.

பேருந்து நடத்துநர் போனார். கல்லூரி முழுவதும் போனது. இரண்டு மீட்டர் மிச்சம்.

மாமியார் எழுந்தார். கோமளவல்லியிடமிருந்து சுத்தியலை வாங்கினார். என் நடுவிரலை அவரே உடைத்தார். அவருக்குப் பழக்கமில்லை; மூன்று அடி ஆனது.

"வாயில என்ன, கொழுக்கட்டையா? சொல்லுங்க மாப்ளை."

"உங்க கையில எழுதியிருக்கே அத்தை. அதான் சொன்னா."

"அவ என்னிக்கு என்னைய அம்மான்னு கூப்டா? 'செண்பகம் வந்துச்சா, செண்பகம் சாப்ட்டுச்சா'ன்னுதான் எல்லார்கிட்டயும் கேப்பா. பெத்தவளப் பேர் சொல்றியேடின்னு நாலு தடவ சூடு வச்சிருக்கேன். மாறல." சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டார். "பத்திரமா பாத்துக்கச் சொன்னாளாம். என்னைய. அவ."

முனிரத்தினம் சிரித்துவிட்டார். மாமியார் சுத்தியலை அவர்மேல் எறிந்தார். நெற்றியில் பட்டது. அவர் உட்கார்ந்தார். ஆனாலும் கல்லைப் போடுவதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கே தெரியுமா?" என்று கேட்டேன்.

"நீங்க வாயத் தொறந்த ஒடனே தெரியும்."

"அப்புறம் ஏன் குத்திக்கிட்டீங்க?"

"வேற எதக் குத்திக்கிறது? நீங்க அதத்தானே குடுத்தீங்க."

குளியலறையில் எங்கள் திருமணம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் புகைப்படக்காரரைத் திட்டினாள். அது மாவாகியது.

"ஒரு மீட்டர்தான் இருக்கு," என்றார் கோமளவல்லி. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தார்.

"அசிங்கமா ஏதாவது சொன்னாளா?" என்றார் மாமியார். "என்னத் திட்டினாளா?"

"இல்ல."

"உங்களத் திட்டினாளா?"

"இல்ல. அப்படி இல்ல."

"அப்ப என்னதான் உங்களுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அது ஒன்றுமில்லாத வாக்கியம். அதன் பிறகு அவள் வேறு எதுவும் சொல்லாததால் அது கடைசியானது. அதை நான் எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை.

மாமியார் தன் முன்கையை, மூலையிலிருந்த கோர் அறுக்கும் இயந்திரத்தின் மேடையில் வைத்தார். தானே சுவிட்சைப் போட்டார். தகடு சுழன்றது. தண்ணீர் தெறித்தது. பச்சை எழுத்துகளின் முதல் சொல் தோலோடு போனது. அவர் முகம் மாறவில்லை.

"எடம் பண்ணிட்டேன்," என்றார். "சொல்லுங்க."

கோமளவல்லி படிவத்தைப் புரட்டிப் பேனாவைத் திறந்தார். முனிரத்தினம் கடைசித் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ரத்தம் அவர் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"மருத்துவமனை," என்றேன். "மதியம் ரெண்டே கால். நான் கட்டிலுக்கு இடதுபக்கம் நின்னேன். அவ கையைப் பிடிச்சிருந்தேன்."

"அதெல்லாம் வேண்டாம்," என்றார் கோமளவல்லி. "அவங்க சொன்னது மட்டும்."

சொன்னேன்.

"தள்ளி நில்லுப்பா. ஃபேன் காத்த மறைக்கிற."